கரையில் இறங்கும் நாயகன்

ஆபத்து, கடற்பயணம், புதையல், துரத்தல் ஆகியவற்றைக் கோத்து, ஒரு தனி ஆணின் உடல்வலிமையையும் துணிவையும் சோதித்துக் காட்டுவதற்காகவே கட்டப்படும் கதைவகை சாகசப் புதினம் எனப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலத்தில் பெருகி, இருபதாம் நூற்றாண்டில் வார இதழ்த் தொடர்கள் வழியாகத் தமிழிலும் வேர்பிடித்த இவ்வகை, பொழுதுபோக்கு என்ற கணக்கிலேயே வைக்கப்பட்டதால், அதன் அடியில் கிடக்கும் அறக்கோட்பாட்டைப் பலரும் பெரிதாக விசாரித்ததில்லை. ஆனால் கோட்பாடு ஒன்று இருக்கவே செய்கிறது. ஒருவன் தன் மேன்மையை அயலாரின் நிலத்தில் இறங்கித்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்றும், அந்த அயலார் அவன் வெற்றிக்குத் தேவைப்படும் தடைகளேயன்றி, தமக்கென்று கேள்வியும் வழக்கும் உடைய உயிர்கள் அல்லர் என்றும் அது கொள்கிறது. அயலாருக்கும் தன்னைப் போன்றே உயிர் உண்டு என்று நாயகன் உண்மையாக ஒப்புக்கொண்டால் அவனுடைய வீரம் எஞ்சுமா, அல்லது வேறொன்றாக மாறுமா என்பதே இங்கு எழும் வினா. இவ்வினாவை ஆராய அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. ஏனெனில் சாகசக் கதைகள் இத்தீவுகளைப் பற்றி எழுதப்பட்டதோடு நில்லாமல், அக்கதைகளை வாசித்தவர்கள் இக்கரைகளில் வந்து இறங்கியும் இருக்கிறார்கள்.

ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 'நால்வர் சின்னம்' என்ற ஷெர்லக் ஹோம்ஸ் புதினம் 1890 பிப்ரவரியில் 'லிப்பின்காட்' மாத இதழில் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டு 30 அன்று லண்டன் லாங்ஹம் ஓட்டலில் அவ்விதழின் ஆசிரியர் அளித்த விருந்தில் டாயிலும் ஆஸ்கர் வைல்டும் உடனிருந்தனர். அந்த ஒரு விருந்தின் விளைவாகவே இப்புதினமும் வைல்டின் 'டோரியன் கிரே'யும் எழுதப்பட்டன. 1857 கிளர்ச்சியின்போது ஆக்ராவில் கொள்ளைபோன நகைப்பெட்டியும், அந்தமான் தண்டனைக் குடியிருப்பில் அடைபட்ட ஜொனதன் ஸ்மால் என்ற ஒற்றைக்கால் கைதியும், அவனோடு லண்டனுக்கு வந்துசேரும் டோங்கா என்ற அந்தமான் பழங்குடியும் கதையின் மூன்று கால்கள். டோங்கா ஊதுகுழலில் நச்சு முள்ளை வைத்து ஊதிக் கொல்கிறான். இறுதியில் தேம்ஸ் ஆற்றில் நடக்கும் படகுத் துரத்தலில் ஹோம்ஸும் வாட்ஸனும் ஒரே நேரத்தில் சுட, அவன் ஆற்றில் விழுந்து மறைகிறான்.

ஹோம்ஸ் ஒரு புவியியல் அகராதியைப் பிரித்து அந்தமான் மக்களைப் பற்றிப் படித்துக் காட்டும் பகுதி கவனத்துக்குரியது. உலகிலேயே மிகக் குட்டையான இனம், சராசரி உயரம் நான்கடிக்கும் குறைவு, கப்பல் உடைந்து ஒதுங்குபவர்களைக் கொன்று தின்பவர்கள் என்றெல்லாம் அந்நூல் கூறுவதாக அமைந்த அப்பகுதியில் உண்மை மிகக் குறைவு. அம்மக்களின் ஆண்கள் சராசரியாக ஐந்தடிக்கு ஓரிரு அங்குலமே குறைந்தவர்கள். அவர்களுடைய படைக்கருவி வில். ஊதுகுழல் அவர்களிடம் இருந்ததே இல்லை, அம்பில் நஞ்சு தோய்க்கும் வழக்கமும் இல்லை. நரமாமிசம் உண்டார்கள் என்பதற்கோ, அவர்களிடையே பல ஆண்டுகள் பணியாற்றிய இ. எச். மேன் போன்ற அதிகாரிகள்கூடச் சான்று எதையும் காணவில்லை. டோங்கா என்ற பெயரே பசிபிக் பெருங்கடலில் உள்ள ஒரு தீவுக்கூட்டத்தின் பெயர். காலடிச் சேற்றையும் சுருட்டுச் சாம்பலையும் வைத்து உண்மையைத் துப்பறியும் அறிவின் அவதாரம், அயலாரைப் பற்றி அறிய வேண்டி வந்தவுடன் ஓர் அகராதிப் பக்கத்தை அப்படியே நம்பிவிடுகிறது.

இதைவிடக் கூர்மையான சான்று புதினத்தின் கடைசிப் பகுதியில், ஸ்மாலின் வாக்குமூலத்திலேயே இருக்கிறது. காட்டில் நோய்ப்பட்டுச் சாகக் கிடந்த டோங்காவைத் தான் கவனித்துப் பிழைக்க வைத்ததாகவும், அவன் மொழியைச் சிறிது கற்றதாகவும், அவனுடைய சொந்தத் தோணியில்தான் இருவரும் தப்பியதாகவும் கூறும் ஸ்மால், இங்கிலாந்தில் ஊர்ச் சந்தைகளில் அவனைக் கறுப்பு நரமாமிசன் என்று காட்சிப்படுத்தி, பச்சை மாமிசம் தின்னவும் ஆடவும் வைத்துத் தொப்பி நிறையச் சில்லறை தேற்றியதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறான். நரமாமிசன் என்பது காசுக்காகப் போட்ட வேடம் என்பதைப் புதினமே இவ்வாறு ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பின்னும் அந்த வேடத்தையே மெய்யென்று வைத்துச் சுட்டுக் கொல்கிறது. கதை முழுவதிலும் டோங்கா ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அவனுக்குப் பேச்சு தரப்பட்டிருந்தால், தேம்ஸ் ஆற்றுத் துப்பாக்கிச்சூடு அவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

அக்காலத்து உண்மை நிகழ்ச்சிகள் புதினத்தைவிடச் சிக்கலானவை. மருத்துவர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் 1858 மார்ச்சில் வந்திறங்கித் தண்டனைக் குடியிருப்பை நிறுவிய சில வாரங்களிலேயே, கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்ட சிப்பாயான தூத்நாத் திவாரி வேறு சில கைதிகளுடன் தப்பிக் காட்டுக்குள் நுழைந்தான். பழங்குடியினர் எய்த அம்புகளுக்கு உடனிருந்தவர்கள் பலியாக, காயம்பட்ட அவனை மட்டும் அவர்கள் உயிரோடு விட்டு, தம்முடன் சேர்த்துக்கொண்டனர். ஓராண்டுக் காலம் அவர்களுடன் திரிந்து, அவர்கள் மொழியைக் கற்று, லிபா என்ற பெண்ணை மணந்து வாழ்ந்த அவன், பழங்குடியினர் குடியிருப்பைத் தாக்கத் திரண்டபோது முன்னதாக ஓடிவந்து ஆங்கிலேயரிடம் செய்தி சொன்னான். 1859 மே மாதம் நடந்த அபர்தீன் போர் என்பது இதுதான். வில்லோடு வந்தவர்கள் பீரங்கிக்கு முன் வீழ்ந்தனர். திவாரிக்கு மன்னிப்பும் விடுதலையும் கிடைத்தன. கருவுற்றிருந்த லிபாவைப் பற்றி அதன்பின் ஆவணங்கள் பேசுவதில்லை. சாகசப் புதினத்தின் இலக்கணப்படி பார்த்தால் திவாரி குறையற்ற நாயகன்: தப்பித்தான், பிழைத்தான், வென்றான், வீடு திரும்பினான். தன்னை உயிரோடு விட்டவர்களுக்கு அவன் பட்ட கடன் என்ன என்ற கேள்வியை அவ்விலக்கணம் கேட்பதே இல்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1880இல், மாரிஸ் விடால் போர்ட்மேன் என்ற இளம் அதிகாரி படையுடன் வடக்குச் சென்டினல் தீவில் இறங்கி, ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். வந்தவுடன் அனைவரும் நோயுற்றனர். முதியவர்கள் இருவரும் இறந்துபோக, குழந்தைகள் பரிசுப்பொருள்களுடன் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களோடு எந்த நோய் திரும்பிப் போயிற்று என்பதை யாராலும் சொல்ல முடியாது. முதன்மை அந்தமானில் நடந்தது மட்டும் கணக்கில் இருக்கிறது: 1877இல் பரவிய தட்டம்மையும் மேகநோயும் சேர்ந்து அழித்ததில், சில ஆயிரம் பேராக இருந்த பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 ஆகவும் 1961இல் 19 ஆகவும் சுருங்கினர். அவர்களுடைய மொழிகளில் ஒன்றான 'போ' மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா என்ற மூதாட்டி 2010 ஜனவரியில் காலமானார்.

தமிழ் வாசகர் இதை வெள்ளைக்காரர்களின் குறையாக மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியடைய முடியாது. நிக்கோபார், முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டின் தலைப்பில் மன்னனின் வெற்றிகளை வரிசைப்படுத்தும் புகழ்ப்பகுதியில், தேன்மலர்ச் சோலைகள் சூழ்ந்த மாநக்கவாரமாகக் கடாரப் படையெடுப்பின் வெற்றிப் பட்டியலில் இடம்பெறுகிறது. அந்த ஒரு தொடர் இருபதாம் நூற்றாண்டில் பெருங்கதையாக விரிந்தது. 'குமுதம்' இதழில் தொடராக வந்து, மூன்று பாகங்களாக நூலாகி, இன்றும் மறுபதிப்புக் காணும் சாண்டில்யனின் 'கடல் புறா' அத்தகைய ஒன்று. கலிங்கத்துப் பரணி பாடும் கலிங்கப் போரின் படைத்தலைவனான கருணாகரத் தொண்டைமானையே இளையபல்லவன் என்ற இளம் வீரனாக்கி, கலிங்கச் சிறையிலிருந்து கடற்கொள்ளைக்காரர் வாழ்க்கை வரை இழுத்துச் செல்லும் அந்நாவலில் மாநக்கவாரமும் ஒரு களம். கப்பல் கட்டும் முறை, காற்றின் திசை, கடற்போர் வியூகம் ஆகியவற்றை அவர் விவரிக்கும் பக்கங்கள் இன்றும் சுவை குன்றாதவை. அவற்றுக்காகவே அந்நூலைப் படிக்கலாம். காலாவதியானது நாயகனின் ஆண்மை. ஒரு புருவ அசைவில் எதிரியின் திட்டத்தை அறிந்து, ஒரு வாள்வீச்சில் பலரை வீழ்த்தி, காஞ்சனாதேவி, மஞ்சளழகி என்று இறங்கும் துறைதோறும் ஒரு பேரழகியின் மனத்தைக் கொள்ளைகொள்ளும் இளையபல்லவனுக்கு, நிலமும் பெண்ணும் ஒரே வகைப் பொருள்தான்: இரண்டும் வருணிக்கப்படுகின்றன, இரண்டும் இறுதியில் வசப்படுகின்றன. கடற்கரை வளைவும் இடை வளைவும் சாண்டில்யனின் பேனாவில் ஒரே நடையில் வருவது தற்செயலன்று.

இதைப் பழந்தமிழ் வீரமரபின் தொடர்ச்சி என்று நியாயப்படுத்துவோர் உண்டு. அந்நியாயம் பொருந்தாது. புறத்திணை, அதாவது போரும் புகழும் ஈகையும் பற்றிய சங்க இலக்கியப் பகுப்பு, வீரத்தைக் கொண்டாடுவது உண்மைதான். ஆனால் அங்கே எதிரி நிகரானவன். வலிமையை நாட்டும் பொருட்டே எதிர்த்து வருபவனைச் சென்று பொருவதைத் தும்பைத் திணை என்று தொல்காப்பியம் வகுக்கும்போது, இருபுறமும் அப்போரை விரும்பி வந்திருக்க வேண்டும் என்பது அதனுள் அடங்கியிருக்கிறது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன் பசுக்களுக்கும் பார்ப்பனருக்கும் பெண்டிருக்கும் நோயாளருக்கும் பிள்ளைப்பேறு இல்லாதோருக்கும் அரண் தேடிக்கொள்ள அறிவித்ததாகப் புறநானூறு புகழ்கிறது. அம்மரபின் அளவுகோலால் பார்த்தால், போரை விரும்பாத தீவில் போய் இறங்கும் நாயகன் வீரன் என்ற பெயருக்கே உரியவன் அல்லன்.

தமிழில் வேறொரு தீவுக்கதை இருக்கிறது. சாகசப் புதினத்தின் எல்லாக் கூறுகளும் அதில் உண்டு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 'ஆதிரை பிச்சையிட்ட காதை' கூறும் சாதுவனின் வரலாறே அது. காப்பியத்தின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டெனினும், அது பௌத்தக் காப்பியம் என்பதில் ஐயமில்லை. அதில் வரும் ஆடையற்ற நாகர்களின் மலைநாட்டை நக்கவாரத்தோடு இணைத்துப் பார்த்த ஆய்வாளர்களும் உண்டு. அந்த அடையாளம் உறுதியானதன்று. இங்கு எடுத்துக்கொண்ட வினாவுக்கு அது உறுதியாக வேண்டியதும் இல்லை.

சாதுவன் எவ்வகையிலும் முன்மாதிரி அல்லன். மனைவி ஆதிரையை விட்டுக் கணிகை ஒருத்தியிடம் சென்று, சூதாடிச் செல்வம் தீர்ந்தபின் அவளாலும் விலக்கப்பட்டு, பொருளீட்ட வேண்டிக் கலமேறியவன். கலம் உடைகிறது, ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு நாகர் மலைப்பக்கத்துக் கரையில் ஒதுங்கி, களைப்பால் ஒரு மரநிழலில் உறங்கிவிடுகிறான். தனியே கிடக்கும் இவ்வுடல் நமக்கு உணவு என்று மகிழ்ந்து வந்து நாகர்கள் அவனை எழுப்புகிறார்கள். இந்த இடத்தில் ஹோம்ஸிடம் துப்பாக்கி இருந்திருக்கும், இளையபல்லவனிடம் வாள் இருந்திருக்கும். சாதுவனிடம் இருப்பது அவர்களுடைய மொழி. முன்பே அதைப் பிழையறக் கற்றிருந்த அவன் அம்மொழியில் பேசியதும் அவர்கள் விலகி நின்று வணங்கி, தம் தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். கள் காய்ச்சும் பானைகளும் புலால் நாற்றமும் உலர்ந்த எலும்புகளும் சூழ, பெண்கரடியோடு இருக்கும் ஆண்கரடியைப் போலத் தன் துணையோடு வீற்றிருக்கும் தலைவனைச் சாத்தனார் சில அடிகளில் கண்முன் நிறுத்துகிறார். சாதுவனுக்கு நடந்த கதையைக் கேட்டு இரங்கிய அத்தலைவன், இவனுக்கு ஓர் இளநங்கையையும் கள்ளையும் ஊனையும் கொடுங்கள் என்கிறான். அதாவது, சாகசப் புதினம் நாயகனுக்குக் கடைசி அத்தியாயத்தில் தரும் பரிசுகள் அனைத்தும் இங்கே முதலிலேயே நீட்டப்படுகின்றன. சாதுவன் அவற்றை மறுக்கிறான். ஊரில் கணிகையிடம் தோற்றவன் இங்கே மறுக்கிறான் என்பதைக் காப்பியம் விளக்கம் ஏதும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பேராண்மை என்ற சொல்லைப் போர்க்களத்துக்கும் வழங்கி, பிறன்மனை நோக்காத அடக்கத்துக்கும் வழங்கிய வள்ளுவருக்கு இந்தக் காட்சி வியப்பாக இருந்திராது.

அடுத்து வருவதே இக்கதையை மற்றச் சாகசங்களிலிருந்து முற்றிலும் பிரிக்கிறது. தலைவன் சினந்து கேட்கிறான்: பெண்ணும் உணவும் இல்லையென்றால் இவ்வுலகில் மனிதனுக்குப் பயன்தான் என்ன? கள்ளும் கொலையும் அறிவுடையோர் விலக்கியவை என்றும், பிறந்தவர் சாவதும் செத்தவர் பிறப்பதும் உறங்கி விழிப்பது போன்றவை என்றும், செய்த வினைக்கேற்பவே மறுபிறப்பு அமையும் என்றும் சாதுவன் விடை சொல்ல, தலைவன் நகைத்து, உடம்பை விட்டுப் போகும் உயிர் எவ்விதம் போய் வேறிடம் புகும் என்று மீண்டும் கேட்கிறான். இது மிகச் சரியான மெய்யியல் வினா. இந்தியச் சமயங்கள் பல நூற்றாண்டுகள் வாதிட்ட வினாவும் இதுவே. உயிர் உள்ளபோது எல்லாவற்றையும் உணரும் உடல், உயிர் போனபின் வெட்டினாலும் சுட்டாலும் உணர்வதில்லை. ஆகவே போனது ஒன்று உண்டு என்று சாதுவன் சினமூட்டாமல் விளக்குகிறான்.

இங்கே ஒரு முரண் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்பது பௌத்தத்தின் அடிக்கொள்கை. சாதுவனின் பேச்சோ உடலை விட்டு உயிர் போகிறது என்ற பொதுவழக்கிலேயே நிற்கிறது. கேட்பவரின் நிலையறிந்து சொல்லும் முறையைப் பௌத்தர் உபாய கௌசல்யம், அதாவது வழிவகையில் திறம் என்பர். சாத்தனார் அதைக் கருதியிருக்கலாம், அல்லது வணிகன் ஒருவனுக்கு இதற்குமேல் தத்துவம் தெரிந்திருக்காது என்று விட்டிருக்கலாம். எதுவாயினும், தலைவன் காலில் விழுந்து, கள்ளையும் ஊனையும் விட்டு எங்களால் வாழ இயலாது, எங்களுக்கு இயன்ற அறத்தைச் சொல் என்று கேட்கும்போது சாதுவன் தரும் விடையில் அத்திறம் முழுமையாக வெளிப்படுகிறது. உடைகலத்தில் வந்தவரைக் கொல்லாமல் காப்பாற்றுங்கள், மூத்து இறக்கும் விலங்குகளைத் தவிர மற்ற உயிர்களைக் கொல்லாதீர்கள்: அவன் கேட்டது இவ்வளவே. அவர்களின் உடையையோ வழிபாட்டையோ மாற்றச் சொல்லவில்லை. தன் சமயத்தின் பெயரைக்கூட அவன் எடுக்கவில்லை.

இருந்தும் சாதுவன் கதை மாசற்றதன்று. அயலாரை நரமாமிசம் தின்பவர்களாகக் காட்டுவதில் சாத்தனாருக்கும் டாயிலுக்கும் வேறுபாடு இல்லை. கி.பி. 851ஐ ஒட்டிய அரபு வணிகர் குறிப்பு தொடங்கி மார்க்கோ போலோ வரை கடலோடிகள் பலரும் இவ்வட்டாரத் தீவுகளைப் பற்றி இதே பழியைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். தமிழ்க் கடலோடிகளின் வாய்மொழியும் அதில் பங்கு கொண்டிருக்க வேண்டும். அதைவிடக் கடினமானது கதையின் முடிவு. நாகர்கள் முன்பு கொன்று தின்றவர்களிடமிருந்து சேர்ந்த சந்தனமும் அகிலும் துகிலும் பொருள்களும் சாதுவனுக்குக் கையுறையாகத் தரப்படுகின்றன. அவற்றை வாங்கிக்கொண்டே அவன் சந்திரதத்தன் என்ற வணிகனின் கலத்தில் ஊர் திரும்பி, அப்பொருளைக் கொண்டு அறம் செய்து வாழ்கிறான். கொல்லாமையைப் போதித்தவன் கொலைப்பொருளைக் கூலியாகப் பெற்ற இவ்விடத்தில் காப்பியம் ஏன் சிறிதும் தயங்கவில்லை என்பதற்கு நிறைவான விடை இல்லை. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது: இங்கே அயலான் பேசுகிறான், சினக்கிறான், நகைக்கிறான், நாயகனைவிடக் கூர்மையான கேள்வியைக் கேட்கிறான், தனக்கு எது இயலாது என்பதையும் சொல்கிறான். காதையின் பெயரோ சாதுவனுடையதன்று, ஆதிரையுடையது. கணவன் இறந்தான் என்ற பொய்ச்செய்தி கேட்டுத் தீக்குள் புகுந்தும் தீ சுடாது நின்ற அவளே, மணிமேகலையின் அமுதசுரபியில் முதற்பிச்சையை இடுகிறாள். ஆணின் சாகசம் ஒரு பெண்ணின் கதைக்குள் கிளைக்கதையாக மட்டுமே இடம்பெறுகிறது.

அயலார் உயிரைப் பற்றிய கேள்வி தீவுக்காரர்களிடமும் இருந்தது. 1906 முதல் 1908 வரை அந்தமானில் ஆய்வு செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன், காட்டிலும் கடலிலும் உலவும் ஆவிகளுக்கு வடக்கு அந்தமான் மக்கள் வழங்கிய 'லாவ்' என்ற பெயரையே, போர்ட் பிளேரில் தாம் கண்ட இந்தியருக்கும் பர்மியருக்கும் வழங்கினர் என்று பதிவு செய்திருக்கிறார். இறந்தவர்களே ஆவியாகி வந்து நோயைத் தருகிறார்கள் என்று நம்பிய மக்கள், வந்திறங்கியவர்களைத் தொட்டவர்கள் நோயுற்று மடிவதைக் கண்டபின் வேறென்ன பெயரிட்டிருக்க முடியும்?

சமயத்தைக் கொண்டுசெல்லும் பயணம் சாகசத்திலிருந்து எங்கே பிரிகிறது என்பதற்கும் இத்தீவுகளிலேயே சான்றுகள் உள்ளன. தரங்கம்பாடியில் இருந்த டேனியர் 1756இல் நிக்கோபாரை உரிமை கொண்டாடியபின், அவ்வூரில் தங்கியிருந்த மொரேவியச் சபையார் 1768இல் நன்கௌரித் தீவுக்குச் சென்றனர். இருபதுக்கும் மேற்பட்டோரைக் காய்ச்சலுக்குப் பலிகொடுத்துவிட்டு, ஒருவரையும் மதம் மாற்றாமல் 1787இல் திரும்பினர். நூறாண்டுக்குப் பின், வேதப்பன் சாலமன் என்ற தமிழ்க் கிறித்தவ உபதேசியார் கார் நிக்கோபாரின் மஸ் ஊரில் குடியேறினார். ஆங்கில அரசின் முகவராகவும் இருந்த அவர், மருந்து கொடுத்தும் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தியும் அங்கே வாழ்ந்தார். அவரிடம் பயின்ற ஜான் ரிச்சர்ட்சன் (1884–1978) புதிய ஏற்பாட்டை நிக்கோபார் மொழியில் பெயர்த்து, ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கொடுமைகளைக் கடந்து, ஆயராகி, முதல் மக்களவையின் நியமன உறுப்பினராகவும் ஆனார். இன்று கார் நிக்கோபார் பெரும்பாலும் கிறித்தவத் தீவு. சாலமனின் பணியில் ஆட்சியின் நிழல் இல்லை என்று கூறுவதற்கில்லை; ஆனால் கார் நிக்கோபார் மக்கள் நெடுங்காலமாகத் தேங்காய் வணிகத்தில் அயற்கப்பல்களோடு பேரம் பேசிப் பழகியவர்கள், வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள். அங்கே மறுப்பதற்கும் ஏற்பதற்கும் வாய்ப்பு இருந்தது.

சென்டினல் தீவில் மறுப்பு மட்டுமே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கர், மீனவர்களுக்குப் பணம் கொடுத்து அத்தீவின் அருகே சென்று, மீனைப் பரிசாக நீட்டி, கீர்த்தனைகள் பாடி நற்செய்தி சொல்ல முயன்றார். முதல் முறை ஒரு சிறுவன் எய்த அம்பு அவர் கையிலிருந்த விவிலியத்தில் தைத்தது; அதன்பின்னும் அவர் மீண்டும் சென்று உயிரிழந்தார். சாத்தானின் கடைசிக் கோட்டை இத்தீவாக இருக்குமோ என்று தம் குறிப்பேட்டில் வினவிய அவர், தம் சிறுவயதுத் தூண்டுதல்களாக 'ராபின்சன் குரூசோ' முதலிய சாகசப் புதினங்களையும் முன்பே ஒரு பேட்டியில் குறிப்பிட்டிருந்தார். அவருடைய நம்பிக்கையின் உண்மையை ஐயுறத் தேவையில்லை. உயிரையே பணயம் வைத்தவர் அவர். இருப்பினும் அவருடைய வீரம் பழைய புதின நாயகனின் வீரமே: மறுப்பைத் தடையாகக் கண்டது, தடையைச் சோதனையாகக் கண்டது, சோதனையைத் தன் ஆன்மாவின் கதையாகக் கண்டது. சாதுவனுக்கு இருந்த மொழி அவருக்கு இல்லை. சாதுவன் விபத்தால் ஒதுங்கியவன். சாவ் தீர்மானித்து இறங்கியவர். நாகர் தலைவன் கேட்டதைப் போன்ற கேள்வியைச் சென்டினல் மக்கள் அவரிடம் கேட்டிருந்தாலும், அது கேள்வி என்பதே அவருக்குப் புரிந்திருக்காது. தட்டம்மை ஒரு மக்கள்கூட்டத்தைக் கரைத்த வரலாறு அறியக் கிடைத்த காலத்தில், அயலாரின் ஆன்மாவை மீட்பதற்காக அவர்களின் உடலைப் பணயம் வைக்கும் உரிமையை எந்தச் சமயம் யாருக்குத் தந்தது என்பதே இதில் தீராமல் நிற்கும் வினா.

அதே கரையில் வேறுவகைத் துணிவும் ஒரு முறை காணப்பட்டது. 1991 ஜனவரி 4 அன்று இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இடம்பெற்ற குழு, படகிலிருந்து தேங்காய்களை ஒவ்வொன்றாக நீரில் மிதக்கவிட்டது. தீவுமக்கள் நீரில் இறங்கி அவற்றை எடுத்துக்கொண்டனர். கரையில் நின்ற இளைஞன் ஒருவன் வில்லை வளைத்தபோது, அருகிலிருந்த சென்டினல் பெண் ஒருத்தி அவனைத் தள்ளிவிட, அம்பு குறிதவறி நீரில் விழுந்தது. குழு விலகிச் சென்று, மேலும் தேங்காயுடன் திரும்பி வந்தது. அவர்கள் எதையும் போதிக்கவில்லை, எவரையும் பிடித்து வரவில்லை. சில ஆண்டுகளுக்குள் அத்தகைய பயணங்களையும் அரசு நிறுத்தியது. எத்தீங்கும் நினையாமல் போய்வந்த பயணம்கூட நோயைக் கொண்டுபோகக்கூடும் என்பதால் அந்த முடிவு சரியானதே. தொடர்ந்து போயிருந்தால் புகழ் கிடைத்திருக்கும்; அவ்வாய்ப்பைக் கைவிட்டது சாகசப் புதினத்தின் கணக்கில் கோழைத்தனம். மணிமேகலையின் கணக்கில், நீட்டிய பரிசை மறுத்த சாதுவனின் செயலுக்கு அது மிக அருகில் நிற்கிறது.

பழைய புதினங்களை எரிக்கவோ ஒளிக்கவோ வேண்டியதில்லை. 'நால்வர் சின்னம்' துப்பறியும் கதையாகவும், 'கடல் புறா' கடற்கதையாகவும் தொடர்ந்து வாசிக்கப்படட்டும். ஆனால் அவற்றைத் தமிழில் மறுபதிப்புச் செய்வோர், அந்தமான் மக்களிடம் ஊதுகுழலும் நச்சம்பும் நரமாமிசமும் இருந்ததில்லை என்ற ஒரு பக்கக் குறிப்பையாவது முன்னால் சேர்க்க வேண்டும். இளையோர் கையில் கொடுப்போர், ஆதிரையின் காதையையும் உரையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இவை தேவைப்படும் காலம் இன்னும் முடிந்துவிடவில்லை. சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைல் எல்லைக்குள் எவரும் நுழையக் கூடாது என்பது நடைமுறையில் உள்ள தடை. 2025 மார்ச்சில் 24 வயது அமெரிக்கர் ஒருவர் அத்தடையை மீறி இறங்கி, ஒரு தேங்காயையும் ஒரு டின் குளிர்பானத்தையும் கரையில் வைத்துவிட்டுத் திரும்பியபோது காவல்துறையால் கைது செய்யப்பட்டார்.